ஓவியர்கள் தங்களையே வரைந்துகொள்வது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை "உன்னை நீயே வரை" என்று ஒரு பயிற்சி வரும். அந்தச் சமயத்தில் பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்தைவிட, அவர்களை அழைத்துப்போக வரும் அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா கேட்கும் சந்தேகம்தான் அதிகம். வருடம் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. வாசல்படியில் நின்றபடி பாதியும் முக்காலுமாகச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் போக்கிலேயே இருக்கின்றன. பேச்சை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

"தன்னுருவப் படம் என்றால் செல்ஃபிதானே டீச்சர்? அதற்கு எதற்கு இத்தனை வகுப்பு?"

தன்னைத் தானே காட்டிக்கொள்வது என்ற மட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் செல்ஃபியில் பின்னால் நிற்கும் ஆட்டோவும் மேலே போகும் மின்கம்பியும் கேட்காமலேயே வந்து விழுந்துவிடும். ஓவியத்தில் எதுவும் தானாக வராது. ஒரு சட்டைப் பொத்தான் தெரிகிறதென்றால், அது தெரிய வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்து, வண்ணம் குழைத்து, பொறுமையாக வைத்திருக்கிறார். வேண்டாதது படத்துக்குள் வரவே இல்லை.

ஆகவே இந்த வகைப் படத்தின் முன் நிற்கும்போது, "இவர் நிஜத்தில் இப்படித்தான் இருந்தாரா?" என்று கேட்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். "தன்னை எப்படிப் பார்க்கச் சொல்கிறார்? யாரைப் பார்க்கச் சொல்கிறார்?" என்று முதலில் கேளுங்கள். கீழே இருக்கும் பதில்களில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

"வரைவதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? தன்னையே ஏன் வரைகிறார்கள்?"

சில பேருக்கு உண்மையிலேயே கிடைக்கவில்லை. ஹாலந்து ஓவியர் வின்சென்ட் வான்கோ வரைந்த ஏறக்குறைய 35 தன்னுருவப் படங்களில் பெரும்பாலானவை, 1886 முதல் 1888 தொடக்கம் வரை அவர் பாரிஸில் இருந்தபோது வரைந்தவை. கூலி கொடுத்து ஒரு ஆளை எதிரில் உட்கார வைக்க அவரிடம் பணம் இல்லை. 1888இல் ஆர்ல் ஊருக்குப் போன பிறகு தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், மாடல் கிடைக்காததால் தன்னைப் பார்த்தே வரைவதற்கென்று நல்ல கண்ணாடி ஒன்று வாங்கியிருப்பதாகச் சொல்கிறார். காசு கேட்காமல், நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, "என் மூக்கு இப்படியா இருக்கிறது?" என்று சண்டையும் பிடிக்காத மாடல் வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொரு காரணம் பயிற்சி. ஹாலந்தின் ரெம்பிராண்ட் 1630இல், இருபதுகளின் தொடக்கத்தில், கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்தும் கண்ணை உருட்டியும் முகத்தைச் சுளித்தும் பார்த்து, அவற்றைச் சிறு செப்புத் தகடுகளில் கீறி அச்செடுத்தார். திகைப்பும் கோபமும் முகத்தில் எங்கே மடிப்பு விழவைக்கின்றன என்று தன் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

மூன்றாவது காரணத்தைப் பெற்றோர் சட்டென்று புரிந்துகொள்வார்கள்: வேலை தேடுவது. இத்தாலியின் பார்மிஜியானினோ 1524இல், 21 வயதில், தன்னை வரைந்த சிறிய படம் ஒன்றை ரோமாபுரிக்கு எடுத்துப்போய்ப் போப் ஏழாம் கிளெமென்ட்டிடம் கொடுத்தார். முகமும் கைத்திறனும் ஒரே பலகையில் இருக்கும் பயோடேட்டா அது.

"டியூரர் 13 வயதிலேயே வரைந்துவிட்டார் என்று சொல்லி என் மகனைப் பயமுறுத்துகிறீர்களே, அது நிஜமா?"

நிஜம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல் வெள்ளி முனையால் (பென்சில் போலப் பிடித்து வரையும் வெள்ளிக் கம்பி) தாளில் வரைந்த படம் இப்போது வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைந்தது இது என்று பின்னாளில் அவரே மேலே குறிப்பு எழுதியிருக்கிறார். வெள்ளிக் கோட்டை ரப்பர் வைத்து அழிக்க முடியாது, போட்டது போட்டதுதான்.

மகனிடம் அந்தப் படத்தின் கைகளைக் காட்டுங்கள். ஒரு கை விரல் நீட்டுகிறது. இன்னொன்று சட்டைக் கைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. வரைகிற கையை வரைவது டியூரருக்கும் தொல்லையாகத்தான் இருந்திருக்கிறது.

"போட்டோவைப் பார்த்து வரைந்தால் தப்பா? கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கிறது என்கிறாள்."

தப்பில்லை. ஆனால் போட்டோவில் வெளிச்சம், கோணம், பாவனை எல்லாவற்றையும் கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. உங்கள் பெண் நகல் எடுக்கிறாள், அவ்வளவே. கண்ணாடியில் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் முகம் கொஞ்சம் மாறியிருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

கழுத்து வலிக்கு ஒரு பெரிய பாரம்பரியம் உண்டு. உடம்பு பலகையைப் பார்த்து இருக்கும். கண்ணாடி பக்கவாட்டில் இருக்கும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய தன்னுருவப் படங்களில் பலவற்றில் முகம் முக்கால் பக்கமாகத் திரும்பி, கண் மட்டும் ஓரமாக நம்மைப் பார்ப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். பார்மிஜியானினோ இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் பார்த்தது நடு புடைத்த குவிகண்ணாடி. அதற்கேற்ப மரப்பலகையையும் புடைப்பாகச் செய்வித்து, கண்ணாடியில் தெரிந்தபடியே வரைந்தார். முன்னால் இருக்கும் கை பூதாகரமாக நீண்டு கிடக்கிறது, ஜன்னல் வளைந்திருக்கிறது, நடுவில் முகம் மட்டும் அழகு குலையாமல் இருக்கிறது. அந்தக் கோணலை அவர் மறைக்காமல் பெருமையாகக் காட்டிக்கொண்டார்.

"வான்கோ அறுத்துக்கொண்டது இடது காது என்கிறார்கள். படத்தில் வலது காதில்தானே கட்டு இருக்கிறது?"

கட்டு இருக்கும் பக்கம் கண்ணாடியில் மாறித் தெரிந்தது, அவ்வளவுதான். 1888 டிசம்பர் 23 இரவு அறுபட்டது இடது காது. 1889 ஜனவரியில் அவர் கண்ணாடியில் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தார். நமக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது வலது காதாகிவிட்டது. லண்டனின் கோர்ட்டால்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தப் படம்.

இதே சிக்கல் கைக்கும் உண்டு. வலது கையால் வரைகிறவர் கண்ணாடியில் இடதுகைக்காரராகத் தெரிவார். சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள், சிலர் மாற்றிவிடுவார்கள். ரெம்பிராண்ட் 1665 வாக்கில் வரைந்து, லண்டன் கென்வுட் மாளிகையில் இருக்கும் படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், தூரிகையை முதலில் கண்ணாடியில் தெரிந்த பக்கத்துக் கையில் வைத்துவிட்டு, பிறகு கையை மாற்றி அதன்மேல் வண்ணம் பூசியது தெரியவந்தது.

"எல்லாரும் ஏன் முறைக்கிறார்கள்? ஒருவராவது சிரிக்கக் கூடாதா?"

அவர் முறைப்பது உங்களை அல்ல, கண்ணாடியில் இருக்கும் தன்னை. அந்தக் கண்ணாடி இருந்த இடத்தில் வந்து நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். புருவத்துக்கும் கண்ணுக்கும் எத்தனை இடைவெளி என்று அளந்துகொண்டிருக்கும் ஆளின் முகம் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் சிரித்த முகத்தோடு வரைந்து பாருங்கள், கன்னம் இழுத்துக்கொள்ளும்.

சிரித்து வம்பில் மாட்டியவரும் உண்டு. பிரான்சின் எலிசபெத் விஜே லெ ப்ருன் மகளை அணைத்தபடி, உதடு லேசாகப் பிரிந்து பல் தெரியும்படி தன்னை வரைந்து 1787இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். பல் தெரியச் சிரிப்பது நாகரிகக் குறைவு என்று அன்றைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு, குற்றம் எங்கே என்று தேடினால்கூடக் கிடைக்காது.

"ஓவியர் என்றால் கையில் பிரஷ் இருக்க வேண்டாமா? நீங்கள் காட்டிய டியூரர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அல்லவா இருக்கிறார்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1498இல், 26 வயதில் டியூரர் வரைந்த அந்தப் படம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட உடுப்பு, அதே ஜோடியில் தொப்பி, தோள்வரை சுருள் சுருளாக முடி, ஜன்னலுக்கு வெளியே பனிமலை. கையில் சாம்பல் நிறத் தோல் கையுறை. வண்ணமும் இல்லை, தூரிகையும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு எவரும் படம் வரைய முடியாது என்பதுதான் விஷயம். அவர் ஊரில் ஓவியர் என்றால் தச்சர், கொல்லர் வரிசையில் வைக்கப்படும் கைத்தொழில்காரர். இத்தாலிக்குப் போய் வந்தவருக்கு அங்கே ஓவியருக்கு இருந்த மரியாதை தெரியும். பின்னர் 1506இல் வெனிஸிலிருந்து நண்பருக்கு எழுதும்போது, இங்கே நான் கனவான், ஊரில் ஒட்டுண்ணி என்று கசப்பாகவே எழுதினார். கையுறை அந்தக் கசப்புக்கு எட்டு வருடம் முன்பே சொன்ன பதில்.

ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ் வேறு வழியில் போனார். 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தில் தூரிகையும் வண்ணத்தட்டுமாகவே நிற்கிறார். ஆனால் நிற்கும் இடம் அரண்மனை, பக்கத்தில் இளவரசி, பின்சுவர்க் கண்ணாடியில் ராஜா, ராணி. மார்பில் சந்தியாகு வீரர் குழுவின் சிவப்புச் சிலுவை. அந்தக் குழுவில் சேர வேண்டுமென்றால், கையால் உழைத்துப் பிழைத்தவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். வெலாஸ்கெஸ் காசுக்காக வரைந்ததே இல்லை என்று சாட்சிகள் வந்து சொன்னார்கள்! கௌரவம் கிடைத்தது 1659இல்தான். படம் முடிந்தபோது இல்லாத சிலுவை பின்னால் ஏறியது.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் தன்னை வரைந்தபோது மணிக்கட்டில் அண்ணனுடைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான். வார் கடைசி ஓட்டையில் மாட்டி, மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடாமல் வரைந்திருந்தான். முகத்தைவிடக் கடிகாரத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தான். "உன்னுடையது இல்லையே, ஏன் போட்டாய்?" என்று அவன் அம்மா கேட்டார். டியூரரின் உடுப்பைப் பற்றி நாம் அப்படிக் கேட்பதில்லை.

"அதே ஆள் தன்னை இயேசு மாதிரி வரைந்துகொண்டாராமே. அது தெய்வக் குற்றம் இல்லையா?"

1500ஆம் ஆண்டு வரைந்தது, மியூனிக்கில் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பாமல் நேருக்கு நேர் பார்க்கும் முகம், இருபுறமும் சமமாக இறங்கும் முடி, மார்பருகே உயர்ந்த கை. அந்தக் காலத்தில் அப்படி நேராக நிறுத்தி வரைவது கிறிஸ்துவின் திருமுகத்துக்கு உரிய முறை. நம் கோயில்களில் திருப்பணி செய்த அரசர்கூட சாமிக்கு எதிரில் கைகூப்பித்தான் நிற்பார். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் சிலையைப் பாருங்கள். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படம் திக்கென்றுதான் இருக்கும்.

அன்றைய கிறிஸ்தவ நோக்கில் இதைத் தெய்வக் குற்றமாகவே கொள்ள வேண்டியதில்லை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், கிறிஸ்துவைப் பின்பற்றி வாழ்வது பக்தனின் கடமை, படைக்கும் திறமை கடவுள் தந்த வரம் என்று வாசிக்க இடம் உண்டு. பக்தியும் பெருமையும் இந்தப் படத்தில் கலந்துதான் கிடக்கின்றன. 28 வயதில் அழியாத வண்ணங்களால் என்னை இப்படி வரைந்தேன் என்று லத்தீனில் எழுதிவைத்த மனிதரிடம் அடக்கத்தை மட்டும் தேடினால் கிடைக்காது.

"ரெம்பிராண்ட் ஒரு படத்தில் துருக்கியர் மாதிரி இருக்கிறார், இன்னொன்றில் பிச்சைக்காரர். எதுதான் அவர்?"

குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போயிருப்பீர்கள். முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர் காளியாகவும் குறவராகவும் போலீஸாகவும் வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி உண்டியலில் போடுகிறார். பத்து நாளும் அவரை யாரும் "நீ போலீஸே இல்லையே" என்று மடக்குவதில்லை. வேஷத்துக்குள் இருப்பது மளிகைக்கடை அண்ணாச்சி என்று தெருவுக்கே தெரியும், தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள்.

ரெம்பிராண்ட் கட்டியதும் வேஷம்தான், பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். 1630இல் மேட்டில் உட்கார்ந்து கை நீட்டும் பிச்சைக்காரர். 1631இல் கீழைநாட்டு உடுப்பும் காலடியில் நாயும். 1635 வாக்கில் மனைவி சாஸ்கியாவை மடியில் வைத்துக்கொண்டு கோப்பையைத் தூக்கும், பைபிள் கதையில் வரும் ஊதாரி மகன். 1640இல் நூறு வருடம் பழைய பாணி உடுப்பில், ரஃபேலும் டிஷியனும் வரைந்த கனவான்களின் தோரணையில் கை ஊன்றிய பெரிய மனிதர். 1661இல் தலைப்பாகையும் ஏடும் வாளுமாக அப்போஸ்தலர் பவுல். இதில் வியாபாரமும் உண்டு: வினோத உடுப்பில் இருக்கும் முகங்களை ஆம்ஸ்டர்டாமில் விரும்பி வாங்கினார்கள். பெயர் பெற்ற ஓவியரின் முகமும் அவர் கைவேலையும் ஒன்றாகக் கிடைப்பது வாங்குகிறவருக்கு லாபம்.

"என் மகள் தலைமுடியை மட்டுமே ஒரு மணி நேரம் வரைகிறாள். பெண் ஓவியர்கள் தங்களை எப்படி வரைந்தார்கள்?"

வரையட்டும், தடுக்காதீர்கள். டியூரரும் தன் முடியில்தான் அதிக நேரம் செலவழித்திருக்கிறார்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் அவர்களை ஆடையில்லாத மாடலைப் பார்த்து வரையும் வகுப்புகளில் சேர்க்கவில்லை. சொந்த முகம் யார் அனுமதியும் கேட்காமல் கிடைத்தது. அதோடு, "இதை நிஜமாகவே நீதான் வரைந்தாயா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்டிமிசியா ஜென்டிலெஸ்கி 1638 வாக்கில் தன்னை ஓவியக்கலையின் உருவகமாகவே வரைந்தார். இத்தாலியர்கள் ஓவியக்கலையைப் பெண்ணாகத்தான் உருவகித்தார்கள். ஆகவே ஆண் ஓவியர் எவராலும் இந்த வேஷத்தைக் கட்ட முடியாது. கழுத்துச் சங்கிலியில் முகமூடிப் பதக்கம், அதெல்லாம் இலக்கணப்படி இருக்கிறது. இப்படிப்பட்ட உருவகங்களை எப்படி வரைவது என்று சொல்லும் அன்றைய இலக்கண நூல் அந்தப் பெண்ணின் வாயைத் துணியால் கட்டச் சொல்கிறது. ஆர்டிமிசியா அதை மட்டும் விட்டுவிட்டார். கை வீசி எழுந்திருக்கிறது, முடி கலைந்திருக்கிறது, பார்வையாளரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. மும்முரமாக வேலை நடக்கிறது.

நம் நாட்டில் அம்ரிதா ஷேர்கில். 1934இல், 21 வயதில், பாரிஸில் தன்னை டஹிட்டித் தீவுப் பெண்ணாக வரைந்தார். அந்தத் தீவுப் பெண்களை வரைந்து புகழ்பெற்றவர் பிரெஞ்சு ஓவியர் கோகான். ஷேர்கில் அந்தப் பெண்களின் இடத்தில் தன் பழுப்பு உடம்பை நிறுத்தினார். பின்னால் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. அவர் கண்கள் நம்மைத் தவிர்த்து வேறெங்கோ பார்க்கின்றன. வரையப்படுகிற பெண்ணும் நானே, வரைகிறவளும் நானே என்று ஒரே படத்தில் சொல்லிவிட்டார். பிறகு தெற்கே பயணம் வந்து, 1937இல் தென்னிந்திய மக்களை வைத்து மூன்று பெரிய படங்கள் வரைந்தார்.

"தன்னைத் தானே கேவலமாக வரைந்துகொண்டவர்கள் உண்டா?"

உண்டு. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடினார். 1610 வாக்கில் அவர் வரைந்த படத்தில் பைபிளில் வரும் சிறுவன் தாவீது, அரக்கன் போன்ற வீரன் கோலியாத்தின் வெட்டிய தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறான். வாய் பிளந்த அந்தத் தலை ஓவியருடையது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தாவீதின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை, இரக்கம்தான் இருக்கிறது. மன்னிப்பு வேண்டிக் காத்திருந்த காலம் அது. பார்மிஜியானினோ வேலை கேட்டுக் கொண்டுபோனதைப் போலவே, இதுவும் ஒரு மனுதான் என்று நினைக்கிறேன்.

மிக்கேலாஞ்சலோ வாத்திகனில் 1541இல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' சுவரோவியத்தில், தோல் உரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித பர்த்தலமேயு கையில் உரித்த தோல் ஒன்று தொங்குகிறது. அந்தத் தோலில் சரிந்து கிடக்கும் முகம் மிக்கேலாஞ்சலோவுடையது என்று இத்தாலிய மருத்துவர் ஒருவர் 1925இல் எழுதினார். அதன் பிறகு அதை வேறு முகமாகப் பார்ப்பது கடினமாகிவிட்டது.

"வெளிநாட்டுக் கதையே சொல்கிறீர்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் யாரும் தன்னை வரையவில்லையா?"

நியாயமான கோபம். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போய்க் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். அடுக்குக்கு அடுக்கு சுவர் முழுக்க ஓவியம். போர், ஊர்வலம், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் என்று ஒரு உலகமே இருக்கிறது. குற்றாலத்தில் சித்திர சபையில் நடராசரே ஓவியமாகத்தான் எழுந்தருளியிருக்கிறார். வரைந்த கைகள் இன்னாருடையவை என்று ஒரு முகத்தை நமக்குக் காட்டிவிட்டுப் போகவில்லை. சாமிக்குச் செய்த வேலை. அங்கே தன் முகத்தை வைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கே இடமில்லாத ஏற்பாடு அது.

வடக்கே மொகலாய அரண்மனையில் கதை வேறு. பிசித்திர் 1615–18 வாக்கில் வரைந்த படத்தில் ஜஹாங்கீர் உயரே அமர்ந்து சூஃபி பெரியவருக்கு நூல் கொடுக்கிறார். கீழே துருக்கி சுல்தானும் இங்கிலாந்து அரசர் ஜேம்ஸும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே, இடது மூலையில், சிவப்புத் தலைப்பாகையோடு ஓவியர். அவர் கையில் ஒரு குட்டிப் படம். அதில் யானை, இரண்டு குதிரை, அவற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து வணங்கிக்கொண்டிருக்கிறார். அந்த ஆளும் பிசித்திரே என்பார்கள். பாதுஷா ஏறுவதற்கான மணைப்பலகையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு மூலையில், விரல் அகலத்தில், தன் பணிவையும் தனக்குக் கிடைத்த பரிசையும் தன் பெயரையும் வைத்துவிட்டார். டியூரரின் கையுறையோடு இதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நம் பக்கம் முகம் வராத இடத்தில் பெயர் வந்தது. கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலை வரைந்து, பிறகு காலண்டர் சாமி படங்களுக்குப் பெயர் பெற்றவர். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடு முழுக்கப் பூஜை அறைகளுக்குப் போனார்கள். கோவில்பட்டி அன்று நெல்லை மாவட்டம். 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது. அந்தப் படங்களின் கீழ்மூலையில் கொண்டையராஜுவின் கையெழுத்தோடு மாணவர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்து வருவதுண்டு. குருவும் சீடரும் ஒரே கையெழுத்தில் நிற்பது ஐரோப்பிய ஓவியங்களில் எளிதில் காணக் கிடைக்காதது. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் ஊர்ச் சுவர்களிலும் அப்படித்தான்: பெரிய எழுத்தில் சிமெண்ட் விளம்பரம், கீழே சிறிதாக, பெயருக்குப் பின் 'ஆர்ட்ஸ்' என்று நிழல் கொடுத்து எழுதிய ஒரு வரி. விளம்பரத்தைவிட அந்த வரியின் வளைவுகளில் கூடுதல் அக்கறை தெரியும்.

"அப்படியானால் முகமே இல்லாவிட்டாலும் அது தன்னுருவம் ஆகுமா?"

என் பதில்: ஆகலாம், ஆனால் ஓவியர் அதற்கு ஒரு பிடி கொடுத்திருக்க வேண்டும். வான்கோ 1888இல் தன் நாற்காலியை வரைந்தார். வைக்கோல் பின்னிய எளிய நாற்காலி, மேலே புகைக்குழாயும் புகையிலையும். பின்னால் வெங்காயப் பெட்டி. அதன்மேல் 'வின்சென்ட்' என்று கையெழுத்து. அதே சமயத்தில் தன்னோடு தங்கியிருந்த கோகானின் நாற்காலியையும் தனியாக வரைந்தார். அதில் புத்தகமும் மெழுகுவத்தியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு ஆட்கள் தெரிகிறார்கள். இதைத் தன்னுருவம் என்று ஒப்புக்கொள்கிறேன். "என் எல்லாப் படமும் நான்தான்" என்று பொதுவாகச் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொன்னால் பேச ஒன்றுமே மிஞ்சாது.

"முகத்தைப் பார்த்தாலே மனசு தெரிந்துவிடும் என்பார்களே. ரெம்பிராண்ட் கடைசிப் படங்களில் எவ்வளவு சோகம்!"

கொஞ்சம் நிதானம் வேண்டும். 1656இல் ரெம்பிராண்ட் கடனில் நொடித்துப்போய் வீடு, சேகரித்த பொருள் எல்லாம் ஏலத்துக்குப் போயின. இரண்டு வருடம் கழித்து, 1658இல் வரைந்த படத்தில் (நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் இருக்கிறது) பொன்னிற உடுப்பும் கைத்தடியுமாக, சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராஜா மாதிரி இருக்கிறார். வாழ்க்கைக் கதை தெரிந்தவர்கள் இதைச் சோகத்தை மறைக்கும் கம்பீரம் என்பார்கள். தெரியாதவர்கள் வெறும் கம்பீரம் என்பார்கள். படத்தில் இருப்பது கம்பீரம்தான். காதில் கட்டுப் போட்ட வான்கோவின் முகமும் நாம் எதிர்பார்ப்பதைவிட அமைதியானது; பின்சுவரில் ஜப்பானிய அச்சுப்படம் மாட்டி, குளிருக்குத் தொப்பி போட்டு, வேலைக்குத் திரும்பிவிட்டவர் மாதிரி நிற்கிறார்.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ மாதிரி ஓவியரே அடையாளம் வைத்துவிட்டால் கதை வேறு. 1925இல் பஸ் விபத்தில் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது கட்டிலுக்கு மேலே கண்ணாடி மாட்டிக்கொடுத்தார்கள். அவர் படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவருடைய முகம். விவாகரத்து ஆன 1939இல் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' படத்தில் இரண்டு இதயங்களும் திறந்து கிடக்கின்றன. ஒரே ரத்தக்குழாய் இருவரையும் இணைக்கிறது. வெட்டிய முனையிலிருந்து வெள்ளைப் பாவாடையில் ரத்தம் சொட்டுகிறது. முகங்களைப் பாருங்கள், இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன. வலியை முகத்துக்கு வெளியே வைத்தார். முகத்தை மட்டும் படிப்பவர்களுக்கு இந்தப் படம் பிடிபடாது.

"மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரைகிறான். அது ஏமாற்று வேலைதானே?"

இதற்கு அமெரிக்காவின் நார்மன் ராக்வெல் 1960இல் ஒரு பத்திரிகை அட்டையிலேயே பதில் சொல்லிவிட்டார். நாம் அவர் முதுகைப் பார்க்கிறோம். எதிரே கண்ணாடியில் மூக்குக் கண்ணாடி பளபளத்துக் கண்ணே தெரியவில்லை. வரைந்துகொண்டிருக்கும் படத்திலோ மூக்குக் கண்ணாடியே இல்லை, வயதும் குறைந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் டியூரர், ரெம்பிராண்ட், பிக்காசோ, வான்கோ ஆகியோரின் முகங்களைக் குத்திவைத்திருக்கிறார். ஏமாற்றுவதை வெளிச்சம் போட்டுக் காட்டிய பிறகு அது ஏமாற்று இல்லை, நகைச்சுவை. உங்கள் மகனையும் கழற்றி ஒன்று, போட்டுக்கொண்டு ஒன்று வரையச் சொல்லுங்கள்.

"ஏம்மா டீச்சர், பிள்ளை தன்னை இவ்வளவு கறுப்பாகவா வரைவது? கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லக் கூடாதா?"

சொல்ல மாட்டேன். பெரும்பாலும் எனக்குத் தலைகீழான தொல்லைதான்: கிரேயான் டப்பாவில் 'தோல் நிறம்' என்று ஒரு இளஞ்சிவப்புக் குச்சி இருக்கும், நம் பிள்ளைகள் யார் தோலிலும் இல்லாத அந்த நிறத்தை எடுத்து முகம் முழுக்கப் பூசிவிடுவார்கள். நான் அந்தக் குச்சியை வாங்கி வைத்துக்கொள்கிறேன். பர்ன்ட் சியன்னா, ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணங்கள், கொஞ்சம் மஞ்சள் காவி, நிழலுக்குத் துளி நீலம் கொடுத்துக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடம் வெள்ளையாக இருக்காது. பகலில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் இளஞ்சிவப்புக் குச்சியைத் திருப்பிக் கேட்பதில்லை. ஷேர்கில் தன் உடம்புக்குக் குழைத்த பழுப்பைக் காட்டினால் பெற்றோரிலும் சிலர் சமாதானம் ஆகிறார்கள்.

"உயிரோடு இருப்பவர் படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது என்கிறார் எங்கள் ஆச்சி. வரைந்ததை என்ன செய்வது?"

ஆச்சி சொல்வது மாலை போட்டுப் பொட்டு வைத்த படத்தைப் பற்றி. முன்கட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள்; படிக்கும் மேசைக்கு மேலே மாட்டினால் ஆச்சியும் ஒன்றும் சொல்ல மாட்டார். கரித்துண்டில் வரைந்தது என்றால் முதலில் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் திரவம்) அடித்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். பின்பக்கம் பென்சிலில் தேதியும் வயதும் எழுதச் சொல்லுங்கள், டியூரரைப் போல. மேற்கு வெயில் அடிக்கும் சுவர் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஸ்கெட்ச் பேனா நிறம் வெகு சீக்கிரம் வெளுத்துவிடும்.